பரிசாகக் கிடைத்த கடல் பக்க அறை

மார்ச் 14, சனிக்கிழமை மாலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கள் அறை ஜன்னல் கடலைப் பார்த்தபடி இருக்கிறது என்று எழுதிவிட்டேன். வந்து சேர்ந்தபோது இருட்டியிருந்தது. வெளியே ஓயாமல் ஓர் இரைச்சல். கடல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காலையில் திரையை விலக்கினால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு தண்ணீர் மோட்டாரும். இவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். காலை உணவு மேஜையில் எல்லோருக்கும் அதைச் சொன்னார்.

"கண்ணு டெஸ்ட் பண்ணப் படிக்கறா. மோட்டார் எது கடல் எதுன்னு தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த வீட்டில் தங்க அறையும் காலை உணவும் மட்டும் தருகிறார்கள். மற்ற வேளைக்கு வெளியே போய்க்கொள்ள வேண்டும். விருந்தினர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நீள மேஜை. யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்காரம்மா கண்ணாலேயே காட்டிவிடுகிறார். எங்களைத் தவிர இரண்டு ஜோடிகள் தங்கியிருக்கிறார்கள். ஒருவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்திருக்கிறார். இன்னொரு ஜோடிக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அறிவிப்பாளர் யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுகிறார். முட்டை வருவதற்குள் தன் மனைவியின் குறட்டையைச் செய்து காட்டிவிட்டார். மூச்சு இழுப்பது, நடுவில் திக்கி நிற்பது, மறுபடி கிளம்புவது, எல்லாம். அந்த அக்கா அவர் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் பார்வை அளக்கும் படிப்பு. வகுப்புகள் முடிந்துவிட்டன. மிச்சமிருப்பது கண் ஆஸ்பத்திரியில் மூன்று மாதப் பயிற்சி. அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. வரும் திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வகுப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இதையே நினைத்துக்கொண்டு நான் தூங்காமல் புரண்டதைப் பார்த்துத்தான் இவர், "வா, ரெண்டு நாள் கடல் காத்து வாங்கிட்டு வரலாம்" என்று கூட்டிவந்தார். ஞாயிறு மாலை ஊர் திரும்புவதாகத் திட்டம்.

இவர் ஃபிரிட்ஜ் விற்கும் கடையில் மூத்த விற்பனையாளர். கல்லையும் பேச வைத்துவிடுவார். என்னை "லென்சு" என்றுதான் கூப்பிடுவார். வாடிக்கையாளர் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பது என் பாடம். முதலிரவில் விளக்கை அணைத்தும் போட்டும் அவர் முகத்தைப் பார்த்து நான் அதையே கேட்டேன் என்று மேஜையில் நடித்துக் காட்டினார். நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் கதை நன்றாக இருந்ததால் மறுக்கத் தோன்றவில்லை. காலை உணவு முடிவதற்குள் எல்லோருக்கும் நான் லென்சு ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை தேநீர் வேளையில் இந்த வீட்டில் ஒரு போட்டி வைக்கிறார்கள். வீட்டுக்காரம்மா வருஷக்கணக்காக நடத்துகிறாராம். மனைவிமார் பின் வராந்தாவில் காத்திருக்க வேண்டும். உள்ளே கணவன்மாரிடம் அவரவர் மனைவியைப் பற்றி மூன்று கேள்வி கேட்பார். பிறகு மனைவியை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு அதே கேள்வி. பதில் ஒத்துப்போனால் மதிப்பெண். அப்புறம் ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. எதையும் அவர் எழுதிக்கொள்வதில்லை, எல்லாம் நினைவிலேயே. ஜெயிக்கும் ஜோடிக்கு மாடியில் உள்ள கடல் பக்க அறை. அதோடு ஞாயிறு இரவும் வாடகை இல்லாமல் தங்கிக்கொள்ளலாம்.

ஞாயிறு இரவு தங்கினால் என் திங்கட்கிழமை என்ன ஆவது என்று இவரிடம் கேட்டேன். முதலில் ஜெயிப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

வராந்தாவில் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. ஒருமுறை அது நிற்கவே இல்லை. புதுப் பெண் கதவில் காதை வைக்கப் போனாள். அக்கா அவளைப் பிடித்து இழுத்தார். பிறகு என்னிடம், "உள்ள எதுக்குச் சிரிச்சாலும் நீயும் சிரிச்சுடு. சீக்கிரம் முடிஞ்சுடும்" என்றார்.

முதல் இரண்டு கேள்வியும் சுலபம். ஊரிலிருந்து எதை மறந்துவிட்டு வந்தாய்? சீப்பு. தீப்பிடித்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய்? பாடப் புத்தகங்களை. இரண்டுக்கும் மதிப்பெண் கிடைத்தது. மூன்றாவது கேள்வி, அடுத்த வருஷம் இதே நாள் இதே நேரம் எங்கே இருப்பாய் என்பது.

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. பயிற்சி முடிந்து அதே கண் ஆஸ்பத்திரியில் வேலையில், பார்வை சோதிக்கும் அறையில் இருப்பேன் என்றேன். அறிவிப்பாளர் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். புது மாப்பிள்ளை குனிந்து தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். இவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பார்வை சோதிக்கும் அறை ஆஸ்பத்திரியில் இரண்டு இருக்கிறது. அதனால், "வெளிநோயாளிப் பிரிவுல இருக்கற அறை" என்று திருத்திச் சொன்னேன். அவ்வளவுதான், எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நல்லா யோசிச்சு சொல்லு லென்சு" என்றார் இவர். "இது தெளிவா, அது தெளிவா?"

அறிவிப்பாளர் மேஜையைத் தட்டினார். வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்லி, "உங்க வீட்டுக்காரர் நீங்க வீட்டுல இருப்பீங்கன்னு சொல்லியிருக்காரு" என்றார். பதிலைச் சொல்லிவிட்டு வாய்ப்புத் தருவது விதிப்படி சரியா என்று தெரியவில்லை.

நான் யோசித்தேன். இவர் ஏன் வீடு என்று சொல்ல வேண்டும்? பிறகு பிடிபட்டது. இன்று மார்ச் 14, சனி. அடுத்த வருடம் இதே தேதி ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளிப் பிரிவு கிடையாது. கேள்வி கேட்டதும் நான் கிழமையைப் பார்க்கவில்லை, இவர் பார்த்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைவிட என் வேலையை இவர் கவனித்து வைத்திருக்கிறார் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆமாங்க. அவர் சொன்னதுதான் சரி. நான் வீட்டுலதான் இருப்பேன்" என்றேன். கிழமை விஷயத்தையும் விளக்கினேன்.

அவர்கள் சிரித்த மாதிரி யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. அறிவிப்பாளருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புது மாப்பிள்ளைகூடக் கைதட்டினார். அக்கா சொன்னது நினைவுக்கு வந்து நானும் சிரித்தேன்.

பெண்கள் சுற்றில் இவரைப் பற்றிய மூன்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டேன். எதில் கில்லாடி என்றதற்கு நீச்சல் என்றேன். இவர் நீந்தி நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து எல்லோரிடமும் ஆற்றை நீந்திக் கடந்த கதையைச் சொல்வார், அதனால் அதைத்தான் சொல்வார் என்று தெரியும். யாராவது தண்ணீரில் இறங்கக் கூப்பிட்டால், "லென்சுக்குப் பயம், விட மாட்டா" என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். இப்போது கடல் பக்க அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த ஜன்னல் கடலைத்தான் பார்த்தபடி இருக்கிறது. போய் வெளியே தலையை நீட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை பற்றி மறுபடி கேட்டேன். காலையில் முதல் பேருந்தைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம், பதறாதே என்று கன்னத்தைத் தட்டினார். இவ்வளவு பிரியமாக இருந்து ரொம்ப நாளாகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. நான் விளக்கிய விதம் வேடிக்கையாக இருந்திருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு மாலை

வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கீழே போனேன். மேஜையில் புதுப் பெண், நேற்று உள்ளே ஆண்கள் பேசியதைப் பேசிக் காட்டச் சொல்லி அறிவிப்பாளரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அது போதும். முதலில் வீட்டுக்காரம்மா மாதிரி கேள்வி கேட்டார். பிறகு புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்தது நம்ம லென்சு வீட்டுக்காரர்" என்றார்.

புது மாப்பிள்ளை, "சார், வேண்டாம் சார்" என்றார்.

"ஏன்ப்பா? ராத்திரியே சொல்லியிருப்பாரு. கடல் ரூம் வேற."

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். இவர் செருமுவது போலவே, இரண்டு சின்னச் செருமல். பிறகு இவர் குரலில் பேசினார்.

"வீட்டுலதான் இருப்பா. வேற எங்க போவா? ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணாங்க. பயிற்சிக்கு அவ வரலன்னு நான்தான் சொல்லிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. இப்ப சொன்னா லீவு கெட்டுடும். ஊருக்குப் போய் சொல்லிக்கலாம்."

அடுத்து, அதைக் கேட்டதும் தான் சிரித்ததையும் செய்து காட்டினார். பிறகு என் குரல் வந்தது. "அவர் சொன்னதுதான் சரி. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை." என் குரல் அவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது.

புதுப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அறிவிப்பாளர் என் முகத்தைப் பார்த்து, "அடடா, சொல்லலையா?" என்றார். வருத்தப்பட்டுக் கேட்டது மாதிரி இல்லை. நல்ல நகைச்சுவைக்கு இன்னொரு பகுதி இருப்பது தெரிந்தது மாதிரி கேட்டார். அவர் மனைவி கத்தியைக் கீழே வைக்காமல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இப்ப தெரிஞ்சுடுச்சு இல்ல. சாப்பிடு, ஆறுது" என்றார்.

சமையலறைக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். இவர் உண்மையில் அப்படிச் சொன்னாரா, அறிவிப்பாளர் சேர்த்துக்கொண்டாரா? அவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, போட்டியில் ஆயிரம் சொல்வார்கள் என்றார். சொன்னாரா இல்லையா என்று மறுபடி கேட்டேன்.

"சொன்னாரு. ஆனா இங்க வெச்சு சண்டை போடாதீங்கம்மா. மத்தவங்க ஓய்வெடுக்க வந்திருக்காங்க."

மதிப்பெண் தருவதற்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

இவர் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். முதலில், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் என்றார். ஒருநாள் இரவு, "என்னால முடியாதுங்க" என்று நான் அழுதேனாம், மறந்துவிட்டேனாம். எனக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அழுதது நிஜம். முடியாது என்று சொன்னதும் நிஜம். தேர்வுக்கு முந்தைய இரவில் நான் எப்போதும் அப்படித்தான் அழுவேன். ஆனால் வர மாட்டேன் என்று யாரிடமும் சொல்லச் சொன்னதில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு இதை எனக்குள் நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு அறிவிப்பாளர் பேசிக் காட்டியதை வரிக்கு வரி சொன்னேன். "அவளுக்கு இன்னும் தெரியாது" என்ற இடத்தில் இவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சரி. நான்தான் சொன்னேன். இப்ப அதுக்கென்ன?"

விண்ணப்பத்தில் வீட்டு எண் என்று நான் கொடுத்திருந்தது இவருடைய எண். உறுதி செய்துகொள்ள அங்கிருந்து கூப்பிட்டபோது இவர் எடுத்திருக்கிறார். மூன்று மாதம் நான் விடியற்காலையில் கிளம்பிப் போனால் வீடு என்னாவது, கண்ணாடிக் கடைச் சம்பளம் என்னாவது என்று கேட்டார். இவருடைய அண்ணியும் அப்படித்தான் சொன்னார்களாம். நான் படிப்பை விட்டுவிட்டேன் என்று அண்ணிக்குப் போன வாரமே தெரியும். அண்ணி சந்தோஷப்பட்டார்களாம். மனசு ஆறட்டும் என்றுதான் இங்கே கூட்டிவந்தாராம். அறைக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் அலுவலகத்துக்கு அந்தப் பதிலைச் சொன்னாராம். அதை எனக்குச் செய்த உபகாரம் போலச் சொன்னார்.

"நீயே எல்லார் முன்னாடியும் சொன்னியே, வீட்டுலதான் இருப்பேன்னு. கை தட்டுனாங்களே. நானா சொல்லச் சொன்னேன்?"

நான் பதில் சொல்வதற்குள் புது மாப்பிள்ளை தோளில் துண்டோடு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, அறிவிப்பாளர், அக்கா. காலையில் நடந்ததை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று புது மாப்பிள்ளை நினைத்திருப்பார் போல. இவரைப் பார்த்து, "அண்ணே, நீங்கதான் நீச்சல்ல கில்லாடியாச்சே, அந்தப் பாறை வரைக்கும் போய்ட்டு வரலாம் வாங்க" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "எனக்கு ஆசைதான். லென்சு விட மாட்டா. அவளுக்குப் பயம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்ட வேண்டிய இடம் அது.

"எனக்கு ஒரு பயமும் இல்லங்க. போய்ட்டு வாங்க" என்றேன்.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. அறிவிப்பாளர் அதைப் பார்த்துவிட்டார். அப்படிப்பட்ட விஷயங்களை அவர் தவற விடுவதில்லை. உடனே ரயில் நிலையக் குரலில், பாறை வரை செல்லும் விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும் என்று அறிவித்தார். புதுப் பெண் கைதட்டினாள். இவர் சட்டையைக் கழற்றினார். இடுப்பளவு தண்ணீர் வரை நடந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையை அசைத்து, இன்னும் போகச் சொன்னேன்.

ஓர் அலை வந்தது. பெரிய அலை இல்லை. இவர் காணாமல் போய், கால் முதலில் தெரிந்து, பிறகு தலை தெரிந்தது. புது மாப்பிள்ளை கையைப் பிடித்து இழுத்து வந்தார். முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்திருந்தது. மணலில் குப்புறப் படுத்து, உள்ளே போன உப்புத் தண்ணீரையெல்லாம் கக்கினார். வண்டி தாமதமாக வந்து சேர்ந்ததற்கு அறிவிப்பாளர் பயணிகளிடம் வருத்தம் தெரிவித்தார். இருமல் நின்றதும் அந்த இருமலையும் செய்து காட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். யாரும் எனக்குச் சிரிக்கச் சொல்லித் தரவில்லை. அங்கே அலை கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறைக்கு வந்த பிறகுதான் யோசித்தேன். கையை அசைத்தபோது யோசிக்கவில்லை.

முழங்காலுக்கு மருந்து போட உட்கார்ந்தேன். இவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணும்னேதான் சொன்ன, இல்ல?"

"ஆமாங்க."

"அத்தன பேரும் என்னப் பாத்து சிரிச்சாங்கடீ."

"நேத்து என்னப் பாத்து சிரிச்சாங்க."

"அது விளையாட்டு."

நாளைக் காலை முதல் பேருந்தில் போகிறேன் என்று சொன்னேன். இவர் மருந்தைத் தானே எடுத்து முழங்காலில் தடவிக்கொண்டார். பிறகு, போவதானால் தனியாகப் போ, பரிசாகக் கிடைத்த அறையைப் பாதியில் விட்டுவிட்டு வர எனக்குப் பைத்தியமா என்றார். அலுவலகத்தில் என் பெயரை அடித்திருப்பார்கள், போய் அவமானப்பட்டு வா என்றார். அடித்திருக்கலாம். எனக்குத் தெரியாது. வீட்டுச் சாவியைக் கேட்டேன். சாவி தன்னிடம்தான் இருக்கும், தான் வரும்வரை வாசலில் உட்கார்ந்திரு என்றார். அப்படியானால் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருப்பேன் என்றேன்.

இப்போது இவர் கீழே அறிவிப்பாளரோடு சீட்டு விளையாடுகிறார். நான் எப்படிக் கையை அசைத்தேன் என்பதை இவரே நடித்துக் காட்டுகிறார் போல. சிரிப்பு இங்கே வரை கேட்கிறது. வீட்டுக்காரம்மா மேலே வந்து, காலை உணவு எட்டு மணிக்குத்தான், அதற்கு முன் கிளம்புகிறவர்களுக்கு எதுவும் தர இயலாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பையைக் கட்டிவிட்டேன்.

நாளை: பேருந்து ஆறு மணிக்கு, கடைத்தெரு முனையில். இறங்கியதும் நேராக வகுப்பு அலுவலகம். வேண்டாம் என்று சொன்னது நான் இல்லை என்று முதலில் சொல்ல வேண்டும். இடம் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி எண்ணை அடித்துவிட்டுக் கண்ணாடிக் கடை எண்ணைக் கொடுக்க வேண்டும்.